பிராப்பின் 31 வினைகளுக்குள் அடங்காத கதைகளை எங்கே வைப்பது?

கதைசேகரி:

நாட்டார் கதைகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்துவருகிறேன். சொளகை மடியில் வைத்துக்கொண்டு இலை சுருட்டும்போது கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. அப்போதுதான் நல்ல கதைகள் வருகின்றன.

பகுப்பாய்வுக்கு ரஷ்ய நாட்டார் கதை ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட சட்டகத்தை எடுத்துக்கொண்டேன். கதையை நகர்த்தும் ஒவ்வொரு செயலையும் அவர் 'வினை' என்கிறார். வீட்டைவிட்டு ஒருவர் வெளியேறுவதில் தொடங்கி நாயகனின் திருமணத்தில் முடியும் 31 வினைகள், ஏழு வகைப் பாத்திரங்கள். ஏழு கடல் தாண்டும் இளவரசன் கதைகள் எல்லாம் சிக்கலின்றிப் பொருந்தின. பிறகு இந்தக் கதை வந்தது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

கணவனை இழந்த ஒரு கிழவி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் ஓயாமல் வைகிறார்கள். யாரிடம் சொல்வாள்? சொல்லாத துயரமெல்லாம் உடம்பில் சேர்ந்து பருத்துக்கொண்டே போகிறாள். அதற்கும் கேலி. ஒருநாள் ஊர்க்கோடியில் கூரையில்லாத பாழ்வீட்டுக்குள் நுழைந்து, மூத்த மகன் செய்ததை ஒரு சுவரிடம் சொல்கிறாள். அந்தச் சுவர் இடிந்து விழுகிறது. மூத்த மருமகளைப் பற்றி அடுத்த சுவரிடம். இப்படியே நான்கும் விழுந்ததும் உடம்பு இளைத்து, மனம் லேசாகி வீடு திரும்புகிறாள். கதை முடிந்தது.

பாழ்வீட்டைக் 'கொடையாளி' (நாயகனுக்கு மாயப்பொருள் தந்து உதவும் பாத்திரம்) என்றும், சுவர் இடிவதை 18ஆம் வினையான 'வெற்றி' என்றும் குறிக்கும்படி என் நெறியாளர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் யாரை வென்றாள்? நடந்தது மருமகள்களுக்குத் தெரியவே தெரியாது. பொருந்தாத கதைகளைப் பின்னிணைப்பில் சேர்த்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. ஆனால் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்க விரும்புவது இவற்றைத்தான். வேறு துறைகளில் இருப்பவர்கள் இப்படி அடங்காமல் நிற்பதை என்ன செய்கிறீர்கள்?

தனிமம்:

அம்மா, நான் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கதைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தனிம அட்டவணையைப் பற்றிச் சொல்கிறேன். 1869இல் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கியபோது டெல்லூரியமும் அயோடினும் இடறின. இன்றைய அளவில் டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. எடையைப் பார்த்தால் அயோடின்தான் முன்னால் வரவேண்டும். ஆனால் அதன் குணமோ குளோரின், புரோமினோடு ஒத்தது. மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்று அயோடினைப் பின்னால் வைத்தார். டெல்லூரியத்தின் எடையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்றும் நம்பினார்.

அவர் கொடுத்த இடம் சரி. நம்பிய காரணம் சரியில்லை. வரிசையைத் தீர்மானிப்பது அணு எண் என்பது 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி தொடங்கிய எக்ஸ்கதிர் சோதனைகளால்தான் உறுதியாயிற்று. அதுவரை 44 ஆண்டுகள் அந்த முரண் அட்டவணையின் நடுவிலேயே எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு இருந்தது.

ஆர்கானின் கதை வேறு. 1894இல் அதைக் கண்டறிந்தபோது அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. அது புதுத் தனிமமாக இருக்காது, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கும் என்று மெண்டலீவே கருதினார். உங்கள் நெறியாளர் சுவரைக் கொடையாளி ஆக்குவதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. கடைசியில் ஆர்கானுக்கும் அதன் உறவுகளுக்கும் புதிய தொகுதி ஒன்றையே சேர்க்க வேண்டியதாயிற்று. கிழவியின் கதையைப் பின்னிணைப்புக்கு அனுப்பாதீர்கள்.

இரவுப்பணி:

நோய்த்தணிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்களுக்குச் சொல்லித்தரும் சட்டகம் ஐந்து நிலைகள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அவர் அதை உருவாக்கினார். பின்னர் அதையே, பறிகொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்தாருக்கும் பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். கணவர் இறந்து அழாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்ததும் 'மறுப்பு நிலை' என்று குறிப்பு எழுதுகிறார்கள். வாழ்நாளெல்லாம் அவனிடம் அடிபட்டவள் அவள் என்று அருகில் உட்கார்ந்து பேசினால்தான் தெரியவரும். அவளுக்கு வந்தது நிம்மதி. அந்த ஐந்தில் நிம்மதிக்கு இடம் இல்லை. உங்கள் கிழவியை எனக்கு நன்றாகத் தெரியும் சகோதரி. தயவுசெய்து அவளை 'வெற்றி' என்று எழுதாதீர்கள்.

பாலை:

இலக்கிய மாணவன். தொல்காப்பியம் முல்லைக்கும் குறிஞ்சிக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் நிலம் சொல்கிறது. பாலைக்குத் தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். திணைகள் ஒன்றோடொன்று மயங்குவதற்கும் தொல்காப்பியரே இடம் கொடுத்துவிடுகிறார். தேர்வில் மட்டும் நாங்கள் அதை ஐந்து கட்டங்களாக நிரப்புகிறோம்.

வழக்காறு:

நாட்டார் வழக்காற்றியல் கற்பிக்கிறேன். குறை பிராப்பிடம் இல்லை, அவரைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது என்பேன். அவர் எடுத்துக்கொண்டது அஃபனாசியேவ் தொகுப்பிலுள்ள ரஷ்ய மாயக்கதைகளில் நூறு. நூலின் தலைப்பிலும் மாயக்கதை என்றுதான் வைத்திருந்தார். பதிப்பாசிரியர் அதைப் பொதுவான கதை என்று மாற்றிவிட்டார். பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸின் 1960ஆம் ஆண்டு விமர்சனத்துக்குப் பதில் எழுதியபோது பிராப்பே இதைச் சொல்லி வருந்தினார். எல்லாக் கதைகளுக்கும் இதுவே இலக்கணம் என்று அவர் கூறியதில்லை.

அவர் அழுத்தமாகச் சொன்னது வரிசையைப் பற்றி. சில வினைகள் விடுபடலாம், வரிசை மாறாது என்றார். சோதிக்க வேண்டியது அதைத்தான். பெண்ணை மையமாகக் கொண்ட கதைகளில் துன்பம் திருமணத்துக்குப் பிறகே தொடங்குகிறது என்று ஏ. கே. ராமானுஜன் கன்னடக் கதைகளை வைத்துக் காட்டினார். பிராப்பின் 31ஆம் வினை அங்கே வாசற்படியிலேயே நிற்கிறது. உங்கள் தொகுப்பில் திருமணம் எந்த இடத்தில் வருகிறது என்பதை மட்டும் ஒரு பட்டியலாகப் போடுங்கள். ஓர் இயலுக்கு அதுவே போதும்.

அடுத்து, அமெரிக்க நாட்டார் வழக்காற்றியலாளர் ஆலன் டண்டஸ் 1964இல் வட அமெரிக்கப் பழங்குடிக் கதைகளை ஆராய்ந்தபோது 31 வினைகளையும் சுமக்கவில்லை. சமநிலை குலைவது, பிறகு அது சீராவது என்ற சிறு இணையே போதும் என்றார். குலைவு என்பது குறையாகவும் இருக்கலாம், மிகுதியாகவும் இருக்கலாம். கிழவியின் பருத்த உடம்பு அந்த மிகுதி. ஆனால் ஏன் சுவரிடம் சொன்னாள், ஏன் ஒரு மனிதரிடம் சொல்லவில்லை என்பதற்கு டண்டஸிடமும் விடை கிடைக்காது. அதற்கு நீங்கள் கதை சொன்னவரிடம்தான் போகவேண்டும். யார் முன்னால் சொன்னார், யார் வந்ததும் நிறுத்தினார் என்று களக்குறிப்பில் இருக்கிறதா?

கதைசேகரி:

இருக்கிறது ஐயா. மருமகள் பீடிக் கட்டுகளைக் கடையில் கொடுக்கப் போயிருந்த நேரத்தில்தான் அந்தப் பாட்டி இதைச் சொன்னார். மருமகள் திரும்பியதும் வேறு கதைக்குத் தாவிவிட்டார். அதை ஒலிப்பதிவின் இடையூறு என்று நினைத்து எழுத்துப்படியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். இப்போது அதையும் சேர்த்து அந்தப் பகுதியைப் புதிதாக எழுதுகிறேன். திருமணம் வரும் இடத்தின் பட்டியலோடு நெறியாளரைப் பார்க்கப் போகிறேன்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். சொல்லாத துயரம் உடம்பில் சேர்வதாக வரும் வேறு கதைகள் உங்கள் ஊரில் உண்டா? இருந்தால் எழுதுங்கள். சொன்னவர் யார், அப்போது அருகில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.