புதுப்பிப்பு: ஒரு கண்ணில் பார்வை குறைந்தால் அமெரிக்காவில் லாரி ஓட்டலாமா?

லாரி ஓட்ட ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியாக 20/40 பார்வை (சாதாரணக் கண் 40 அடியில் படிப்பதை 20 அடியில் படிப்பது) வேண்டும், கண்ணாடி போட்டும் காட்டலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். ஒரு கண் அதற்கு எட்டாவிட்டால் என்ன வழி என்று பலர் கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது. 2022 மார்ச் 22 முதல், நல்ல கண்ணில் 20/40-ம் 70 டிகிரி பக்கப் பார்வையும் இருந்து, சிக்னல் நிறங்கள் தெரிந்தால் மாநிலம் தாண்டி ஓட்டவும் தகுதி பெற வாய்ப்புண்டு. முதலில் கண் மருத்துவரிடம் எம்சிஎஸ்ஏ-5871 என்ற பார்வை அறிக்கைப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள். அவர் கையெழுத்திட்ட 45 நாளுக்குள் உடல் தகுதிப் பரிசோதனை தொடங்கிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இப்படிக் கிடைக்கும் உடல் தகுதிச் சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதம்தான்.

அதே பரிசோதனையில் காதுக்கு: பரிசோதிப்பவர் 5 அடி தள்ளி நின்று, மூச்சை வெளியே விட்டபின் மிஞ்சும் காற்றில் '66, 18, 23' போன்ற எண்களைக் கிசுகிசுப்பார். ஒரு காதில் கேட்டால் போதும். காதுக் கருவி இருந்தால் மறக்காமல் மாட்டிக்கொண்டு போங்கள்.