மறு: மணிப்பை, கஞ்சன்பை

> பழைய ஐரோப்பியப் பைகளின் பெயர்களைத் தமிழாக்குகிறேன். ரெடிக்யூல் (பெண்கள் கையில் வைத்திருந்த, மணி தைத்த சிறு பை) = மணிப்பை, மைசர்ஸ் பர்ஸ் (நீளமான காசுப்பை; 'கஞ்சனின் பர்ஸ்' என்று பொருள்) = கஞ்சன்பை என்று வைக்கலாமா?

இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. மணிப்பை என்றதும் நம் ஆட்களுக்கு மணிபர்ஸ்தான் நினைவுக்கு வரும், கோத்த மணி போயே போய்விடும். பாசிமணிப்பை என்றால் பிழைத்தோம்.

அப்புறம், ரெடிக்யூலுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். 1790களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்துத் தைத்த மெல்லிய மஸ்லின் கவுன்கள் வந்ததும், அதுவரை பாவாடைக்குள் நாடாவில் கட்டித் தொங்கவிட்டிருந்த பைகள் புடைத்துத் தெரிந்தன. பை கைக்கு வந்துவிட்டது. வாயில் நாடா, இழுத்தால் சுருங்கும். ஆச்சி இடுப்பில் செருகிய சுருக்குப்பையேதான்.

சிக்கல் மைசர்ஸ் பர்ஸில். காலுறை மாதிரி நீளமாகப் பட்டுநூலில் பின்னியது, இரண்டு முனையும் மூடியிருக்கும், நடுவில் மட்டும் நீளவாக்கில் ஒரு பிளவு. காசை அதில் போட்டு ஒரு பக்கமாகத் தள்ளி, மேலே மாட்டிய உலோக வளையத்தை நகர்த்தினால் காசு அங்கேயே சிறை. பலவற்றில் ஒரு முனை உருண்டை, மறுமுனை சதுரம்; பொன்காசு எந்தப் பக்கம், வெள்ளிக்காசு எந்தப் பக்கம் என்று தடவியே கண்டுபிடிக்கலாம். எடுக்கத்தான் மெனக்கெட வேண்டும், கஞ்சன் என்ற கேலி அதற்குப் பொருந்துகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பெண்கள் இதைத் தங்கள் கையால் பின்னி ஆண்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டவரைக் கஞ்சன் என்பானேன்?

இருதலைக்கிழி என்று வைத்துப் பாருங்கள். காசு முடிந்த துணி கிழிதானே, தருமிக்குக் கிடைத்ததும் பொற்கிழிதானே. நடுவில் கிழிந்திருப்பதும் சொல்லுக்குள் தானாக வந்துவிடுகிறது. இருதலைக்கொள்ளி என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று, "மணி தைத்த" என்று விளக்கத்தில் எழுதாதீர்கள். மணிப் பின்னல் வேலையில் மணிகளை முதலிலேயே நூலில் கோத்துவிட்டுத்தான் பின்ன உட்கார்வார்கள், அதுவும் தலைகீழ் வரிசையில், கடைசியில் வரவேண்டிய மணி முதலில். ஒன்று பிசகினால் ரோஜா இதழ் இலைக்குள் போய்விடும். "மணி கோத்துப் பின்னிய" என்பதுதான் சரி.

குரோஷா (கொக்கி ஊசியால் பின்னுவது) குரோஷாவாகவே இருக்கட்டும். நெட்டிங்குக்குத்தான், அதாவது முடிச்சுப் போட்டு வலைபோலப் பின்னுவதற்குத்தான், எனக்குச் சொல் அகப்படவில்லை. இந்தப் பைகளில் விழுவதும் மீன்வலையில் விழுவதும் ஒரே முடிச்சு; கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது வலை முடிபவர்களிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டுச் சொல்லுங்களேன்.