புதுப்பிப்பு: சத்துவாச்சாரி வீட்டை ஆபீஸ் தம்பிக்கே விட்டுவிட்டேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் மாடி வீட்டுக்கு புரோக்கர் ஆள் கொண்டு வருகிறார், என்னோடு வேலை செய்யும் தம்பியும் கேட்கிறான், யாருக்கு விடுவது என்று. பாதிப் பேர் "கூட வேலை செய்பவருக்கு விடவே விடாதீர்கள்" என்றீர்கள்.

தம்பிக்கே விட்டேன். புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டார், அதுகூடப் பரவாயில்லை. சிகிச்சைக்கு வேலூர் வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், அக்ரிமெண்டே வேண்டாம் என்றார். அதுதான் பிடிக்கவில்லை. நோயாளியோடு வந்து அலைகிறவர்களிடம் அப்படிக் காசு பார்க்க எனக்கு மனசு வராது.

தம்பியிடம் பேசியதுதான் கஷ்டம். "நமக்குள்ள எதுக்குண்ணா எழுத்து?" என்றான். உட்காரவைத்துச் சொன்னேன்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும், 11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்று விட்டுவிட முடியாது. அட்வான்ஸ் மூன்று மாதம். மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு யார் செலவு என்பதையும் எழுதினோம். இரண்டாம் பக்கத்தில் அவனே பேனாவை வாங்கி, "வாடகைப் பேச்சு ஆபீஸில் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தான். அப்போதுதான் எனக்கு மனசு லேசானது.

பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள். முதல் வாடகையும் 5ஆம் தேதியே கணக்கில் ஏறிவிட்டது. அப்புறம், சமையலறைக் குழாய் சொட்டுகிறதாம், நாளை பிளம்பரோடு போகிறேன்.