ஜெக்கிலும் ஹைடும்: முடிவு தெரிந்தும் ஏன் பயமாக இருக்கிறது?

கேள்வி (வாசகி_22):
ஸ்டீவன்சன் எழுதிய டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைடு கதையை இப்போதுதான் முதன்முறையாக வாசித்தேன். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது கதையைத் தொடாதவர்களுக்கே தெரியும். 1886-ல் புதிதாக வாசித்தவர்களுக்கு அது கடைசியில்தான் உடைந்திருக்கும். எல்லாம் தெரிந்தும் எனக்கு இரவு ஒன்றரை மணி வரை கீழே வைக்க மனம் வரவில்லை. பேயே இல்லாத கதை இது. உங்களை இதில் எது பிடித்து இழுத்தது?

பதில் (மூன்றாம்_தெரு):
எனக்கு ஆரம்பத்தில் வரும் அந்தக் கதவு. விடியற்காலை மூன்று மணி, ஆளில்லாத லண்டன் தெரு. ஹைடு ஒரு சிறுமியை மிதித்துக்கொண்டே நடக்கிறான். கூட்டம் பிடித்து நூறு பவுண்டு கேட்டதும், சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய் பத்து பவுண்டு பொன்னாகவும் மீதிக்குக் காசோலையும் கொண்டுவருகிறான். கையெழுத்து ஊரே மதிக்கும் வேறொருவருடையது. விடிந்ததும் வங்கிக்குப் போய்ப் பார்த்தால், காசோலை நிஜமானதுதான்!

பதில் (மருந்துக்கடை):
பதினாறு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். எனக்கு அந்த உப்புதான்.

ஹைடாக மாறவும் மறுபடி தானாகத் திரும்பவும் ஜெக்கில் கலந்து குடிக்கும் மருந்தில் ஒரு வெள்ளை உப்பு சேரும். அது தீர்ந்துபோகிறது. வேலைக்காரர் பூல் சீட்டை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள மருந்து வியாபாரிகளிடமெல்லாம் ஓடுகிறார். வாங்கி வந்ததெல்லாம் சுத்தமில்லை என்று திரும்பிப் போகிறது. ஒரு சீட்டு மரியாதையான வியாபாரக் கடிதம் மாதிரிதான் தொடங்கும். பாதியில் பேனா மை சிதறி, பழைய சரக்கில் கொஞ்சமாவது தேடித் தாருங்கள் என்று கதறும். காலி அட்டையை நீட்டி, "இதே வேணும், வேற கம்பெனி வேண்டாம்" என்று நிற்கும் முகங்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் அந்த வரியை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

அளவையும் பாருங்கள். போகப்போக இரட்டிப்பு, ஒருமுறை உயிரைப் பணயம் வைத்து மூன்று மடங்கு. முதலில் ஹைடாக மாறத்தான் கஷ்டம், பிறகு ஜெக்கிலாகத் திரும்புவது கஷ்டம். கடைசியில் அவருக்கே ஒன்று புரிகிறது: சுத்தமில்லாதது முதலில் வாங்கிய சரக்குதான். அதிலிருந்த, பெயர் தெரியாத ஏதோ ஒரு கலப்புதான் வேலை செய்திருக்கிறது. அதை இனி யாரும் தயாரித்துத் தர முடியாது.

பதில் (மூன்றாம்_தெரு):
இதை நான் கவனிக்கவே இல்லை. நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடக்கும் சண்டை என்றுதான் நினைத்திருந்தேன்.

பதில் (மருந்துக்கடை):
ஜெக்கிலை நல்லவர் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆசைப்பட்டதையெல்லாம் அனுபவிக்க வேண்டும், பெயரும் கெடக்கூடாது. அதற்குத்தானே அந்த மருந்தே!

பதில் (வாசகி_22):
கடைசி அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். ஜெக்கில் தானே எழுதும் வாக்குமூலத்தில், ஹைடு செய்ததைச் சொல்லும்போது ஓரிடத்தில் "அவன்" என்கிறார். "நான்" என்று சொல்ல முடியவில்லை என்று அங்கேயே எழுதுகிறார். அந்த வரிகளைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நம் மொழியில் வினைச்சொல் முடிகிற இடத்திலேயே ஆள் தெரிந்துவிடும். "நடந்தான்" என்பதா, "நடந்தேன்" என்பதா? ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் நின்றுவிட்டேன்.