டீச்சர், மாமி, பாட்டி: மும்பை மாட்டுங்காவில் நாங்கள் அறிந்த ஒருவர்

பள்ளியில் படித்தவர்:

எனக்கு அவர் கணக்கு டீச்சர். தமிழ், மராத்தி, குஜராத்தி பேசும் பிள்ளைகள் கலந்திருந்த எங்கள் வகுப்பில் எல்.சி.எம். (மீச்சிறு பொது மடங்கு) நடத்த வந்த அன்று, அவர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. சன்னல் பக்கம் இருந்தவர்களை எட்டு எட்டாகவும், சுவர்ப் பக்கம் இருந்த எங்களை ஐந்து ஐந்தாகவும் எண்ணச் சொன்னார். ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணில் மட்டும் கை தட்ட வேண்டும். ஒன்றாகத் தொடங்கிய தட்டு அடுத்த சுற்றிலேயே பிரிந்து, முன்னும் பின்னுமாகச் சிதறி, நாற்பது எண்ணி முடித்த மறுகணம் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தபோது வகுப்பே ஆரவாரம் செய்தது. எத்தனை எண்ணிக்கைக்குப் பிறகு சேர்ந்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

1990இல் தீ விபத்துக்குள்ளான ஷண்முகானந்தா அரங்கம் 1998இல் மீண்டும் திறந்த பிறகு, அங்கே நான் கேட்ட முதல் கச்சேரியில், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக்காரர் கோர்வை என்னும் முடிப்புச் சொற்கட்டை மும்முறை வாசித்துத் தாளத்தோடு சரியாக வந்து சேர்ந்தார். டீச்சர் அன்று எங்களுக்குக் காட்டியது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வீணை வாசிப்பவர் என்பதை அதற்கும் பிறகே அறிந்தேன்.

வீணை கற்றவர்:

நாங்கள் அவரை மாமி என்றே அழைத்தோம். ரயில் நிலையத்தை ஒட்டிய அவருடைய முதல் மாடி வீட்டில், மாலை ஐந்து மணிக்கு மேல் பாய் விரித்திருக்கும். வாசிப்புக்கு நான்கு, தாளத்துக்கு மூன்று என ஏழு தந்திகள், தந்தியை வைத்து அழுத்த மெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகள், பலா மரக் குடம் என்று வீணையின் ஒவ்வொரு பகுதியையும் தொட்டுக் காட்டிய பிறகே மீட்ட விட்டார். மாயாமாளவகௌளை ராகத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று வேகத்திலும் மாதக்கணக்கில் வாசித்தோம். பக்கத்தில் ஒரு சிறு பித்தளை டப்பியில் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு இருக்கும். இடது கை விரல் தந்தியில் வழுக்கிச் செல்ல அதைத் தொட்டுக்கொள்வோம்.

தவறு செய்தால் அவர் திட்டியதில்லை. தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளம் நின்றுவிடும், அவ்வளவுதான். கை அந்தரத்திலேயே இருக்கும். எங்கே பிசகினோம் என்பதை நாமே கண்டுபிடித்துத் திரும்பத் தொடங்கினால்தான் அந்தக் கை மறுபடி இறங்கும். அந்த மௌனத்துக்கு நான் பயந்த அளவு எந்த அதட்டலுக்கும் பயந்ததில்லை. ஆனால் என் காதைத் திறந்தது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2005 ஜூலை 26ஐ மும்பைக்காரர்கள் மறக்க மாட்டோம். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, பள்ளியிலிருந்து நேராக மாமி வீட்டுக்குப் போன நாங்கள் நான்கு பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டோம். ரயில்கள் ஓடவில்லை, வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. மாமி எங்களுக்கு ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் போட்டார். இருட்டிய பிறகு எங்களில் சிறியவள் அழத் தொடங்கியதும், நால்வரையும் சுற்றி உட்கார வைத்து, மரப்பலகையில் தாளம் தட்டியபடி வரிசைகளைப் பாட வைத்தார். ஒவ்வொருவராகத் தூங்கிப்போனோம், நான் கடைசியாகக் கண்ணை மூடியபோதும் அந்தத் தட்டல் நிற்கவில்லை. அந்தேரியிலிருந்து வெள்ளத்தில் நடந்தே வந்த என் அப்பா, மறுநாள் காலை கதவைத் தட்டினார்.

பேத்தி:

பாட்டி யாரையும் திட்டியதில்லை என்று மேலே எழுதியிருப்பதை நன்றியோடு படித்தேன், ஆனால் வீட்டில் எங்களைத் திட்டியிருக்கிறார். பெரும்பாலும் வீணையை மூடாமல் விட்டதற்காக.

பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவர் அவர். காலையில் பள்ளி, மாலையில் மாணவிகள், நடுவில் சமையலும் மூன்று குழந்தைகளும். அவர் மேடை ஏறியதே இல்லை. அதைத் தியாகம் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. வாசிக்க வேண்டிய ஒருவருக்கு வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. அது இழப்புதான், அவருக்கும் கேட்டிருக்க வேண்டியவர்களுக்கும்.

அவருடைய இடது கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்த பள்ளங்கள் இருந்தன. சிறுவயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அவற்றை நகத்தால் வருடுவேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் மூட்டுவலியால் அவரால் தந்தியை அழுத்த முடியவில்லை. பள்ளங்கள் மெல்ல மெல்லத் தூர்ந்து, தோல் சமமாகிவிட்டது. ஒருநாள் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நான் வருவதைக் கண்டதும் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் அவர் கட்டிலருகே உட்கார்ந்து நான் வாசித்தேன். அவர் என் தோளில் கை வைத்துத் தாளம் போடுவார். இறப்பதற்கு நான்கு நாள் முன்பு மோகன ராக வர்ணம் வாசித்தேன். கண்களை மூடியிருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். அதன் பிற்பகுதியான சரணத்தின் மூன்றாவது சுவரப் பகுதியில் ஒரு வரியை விட்டுவிட்டேன். தோளில் இருந்த கை நின்றது. நான் சரணத்திலிருந்து மறுபடி எடுத்தேன், கை இறங்கியது.