‘வெட்லாண்ட்’ என்பது சதுப்புநிலமா, ஈரநிலமா?

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

எங்கள் பாடசாலைச் சூழல் கழக மாணவர்கள் கோட்டேயிலுள்ள பெத்தகான பூங்காவைப் பார்த்துவந்த பின்னர் சுவர்ச் சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘வெட்லாண்ட்’ என்று வரும் சொல்லை ஒருவர் சதுப்புநிலம் என்றும் மற்றொருவர் ஈரநிலம் என்றும் எழுதியிருக்கிறார்கள். என்னிடமுள்ள அகராதியோ மார்ஷ், சுவாம்ப், பொக் ஆகிய மூன்றுக்குமே சதுப்புநிலம் என்ற ஒரே விடையைத் தருகிறது. ஆங்கிலத்தில் இவை உண்மையிலேயே வெவ்வேறு பொருள் உடையனவா? நெல்வயலும் வெட்லாண்ட்தான் என்று ஒரு மாணவி விடாமல் வாதிடுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: தெஹிவளை மொழிபெயர்ப்பாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி சொல்வதே சரி. மார்ஷ், சுவாம்ப், பொக் ஆகியவை மக்கள் தாம் கண்ட நிலத்துக்கு இட்ட பழைய பெயர்கள். வெட்லாண்ட் அப்படிப்பட்டதன்று, இத்தகைய நிலங்கள் அனைத்தையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரவேண்டிய தேவை விஞ்ஞானிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் ஏற்பட்டபோது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செல்வாக்குப் பெற்ற தொகுதிப் பெயர் அது.

1971 பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ராம்சார் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை அதற்கு மிக விரிந்த வரையறையைக் கொடுத்தது. இயற்கையாக அமைந்ததாயினும் மனிதர் அமைத்ததாயினும், ஆண்டு முழுவதும் நீர் நிற்பதாயினும் சில மாதங்கள் மட்டும் நிற்பதாயினும், நீர் தேங்கியதோ ஓடுவதோ, நன்னீரோ உவர்நீரோ உப்புநீரோ, எல்லாமே அதில் அடங்கும். கடல் வற்றியிருக்கும் வேளையில் 6 மீற்றருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதியும் அடங்கும். ஆகவே வயல், குளம், களப்பு, கண்டற்காடு, ஆழமற்ற கடலிலுள்ள பவளப்பாறை ஆகிய அனைத்தும் வெட்லாண்ட்தான். புத்தளம் மாவட்டத்தில் 2001இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஆனைவிழுந்தான், மனிதர் கட்டிய பழைய குளங்களின் தொடராகும். குளத்தைச் சதுப்புநிலம் என்று நம்மில் எவரும் சொல்லமாட்டோம் அல்லவா?

எனவே தொகுதிப் பெயராக வரும் இடத்தில் ஈரநிலம் என்றே எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் வழங்கும் ‘தெத் பிம்’ என்பதும் இதே அமைப்பில் ஆனதே. 2018இல் டுபாயில் நடைபெற்ற ராம்சார் மாநாட்டில் கொழும்புக்குக் கிடைத்த ‘வெட்லாண்ட் சிட்டி’ என்ற அங்கீகாரத்தைச் ‘சதுப்பு நகரம்’ என்று மொழிபெயர்த்தால், நகரமே சேற்றில் புதைந்துவிட்டதென வாசிப்பவர் நினைக்கக்கூடும்.

பதில்: தாவரவியல் மாணவன்

மார்ஷ், சுவாம்ப் ஆகிய இரண்டையும் பிரிப்பது அங்கு வளரும் தாவரமே. புல், கோரை, நாணல் போன்ற மென்தண்டுத் தாவரங்கள் நிறைந்திருந்தால் மார்ஷ். மரங்கள் மிகுந்திருந்தால் சுவாம்ப். அமெரிக்க வழக்கில் இப்பிரிவு கண்டிப்பாகப் பேணப்படுகிறது. பிரித்தானிய எழுத்தில் நாணல் அடர்ந்த நீர்நிலமும் சுவாம்ப் எனப்படுவதுண்டு.

கொழும்பில் ஒன்று மற்றொன்றாக மாறுவதையே பார்க்கலாம். அமெரிக்க வெப்பவலயத்துக்கும் மேற்கு ஆபிரிக்காவுக்கும் உரிய அனோனா கிளாப்ரா என்னும் சீத்தா இனத்து மரம், நமது நகரைச் சூழ்ந்த புல்வெளிச் சதுப்புகளில் பரவி அவற்றை மரக்காடாக்கி வருகிறது. நேற்றுவரை மார்ஷாக இருந்த இடத்தில் இன்று நிற்பது சுவாம்ப். இரண்டுக்கும் சதுப்புநிலம் என்று மட்டும் எழுதினால் இந்த மாற்றமே வாசகருக்குத் தெரியாமற் போகும். ஆகவே ‘புற்சதுப்பு’, ‘மரச்சதுப்பு’ என்று அடைகொடுத்து எழுதுவதே நல்லதென்பது என் கருத்து.

பொக் என்பது பீட் எனப்படும், முழுமையாக மட்காத தாவர எச்சம் படிந்த நிலம். பெரும்பாலும் மழைநீரை மட்டுமே நம்பியிருப்பதால் அது அமிலத்தன்மை மிகுந்தும் போசணை குறைந்தும் காணப்படும். நிலத்தடி நீரும் வந்து சேருமாயின் ஃபென்.

பதில்: கொட்டாஞ்சேனை வாசகர்

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை; ஆனாலும் ஈரநிலம் என்ற சொல்லைப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். அது அறிக்கைக்கும் படிவத்துக்கும் உரிய சொல். குறிப்பிட்ட ஓரிடத்தைப் பற்றி எழுதும்போது அவ்விடத்துக்குரிய பெயரே உயிருள்ளது: களப்பு, கண்டல், உப்பங்கழி, வில்பத்துவில் மழைநீர் தேங்கும் வில்லு. தமிழ்நாட்டு நூல்களை வாசிக்கும் பிள்ளைகளுக்கு, அங்கே கண்டல் அலையாத்தி எனப்படும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு உண்டு. சுவாம்ப் என்பதை வினையாக்கினால் வேலையில் மூழ்கிப்போதல், பொக் என்பதை வினையாக்கினால் சிக்கித் திணறுதல். இரண்டிலும் பழைய வெறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்லாண்டுக்கு அத்தகைய உருவகப் பொருள் எதுவும் இல்லை. சொல்லப்போனால், சதுப்பை மண்ணிட்டு நிரப்புவதை நாம் ‘நிலமீட்பு’ என்று எழுதுவதுதான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விந்தை. வெள்ளநீர் தங்குவதற்கென்றே இருந்த இடத்தை யாரிடமிருந்து மீட்டோம்?

மறுகேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. முத்துராஜவெலவின் படமொன்றும் சஞ்சிகையில் வருகிறது. ஆங்கிலக் குறிப்பில் ‘பீட் பொக்’ என்றிருக்கிறது. அதை எப்படி எழுதுவது?

பதில்: தாவரவியல் மாணவன்

அங்கே பீட் படிவு இருப்பது உண்மையே. ஆனால் அந்நிலம் நீர்கொழும்புக் களப்புடன் தொடர்ந்து கிடப்பதால் கடலின் உவர்நீரும் வந்து கலக்கிறது. மழைநீர் மட்டுமே ஊட்டும் ஐரோப்பியப் பொக் நிலத்தின் கண்டிப்பான பொருள் இதற்குப் பொருந்தாது. ஆங்கிலக் குறிப்பிலும் பொக் என்பது சற்றுத் தளர்வாகவே ஆளப்பட்டிருக்கிறது. ஆகவே படத்தின் கீழே ‘நீர்கொழும்புக் களப்பின் தெற்கே பீட் படிந்த உவர்நீர்ச் சதுப்புநிலம்’ என்று எழுதுங்கள். களப்பையும் சேர்த்துக் குறிப்பிடும் வாக்கியமாயின் மட்டும் ஈரநிலம் என்று எழுதுங்கள்.