பாக் முதல் பார்டோக் வரை ஒரே மேடையில்: எந்த வரிசையில் வாசிப்பது?

கேள்வி (கோயம்புத்தூர்):
வணக்கம். பியானோவில் எட்டாம் நிலைத் தேர்வை முடித்த என் மகள், வரும் ஆடி மாதக் கடைசியில் பீளமேட்டுப் பக்கம் ஒரு சிறிய அரங்கில், இடைவேளை உட்பட ஒரு மணி நேரம் தனியாக வாசிக்க இருக்கிறாள். பாக்கின் சி மைனர் பிரிலூடும் (முன்னிசை) பியூகும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் பின்தொடரும் இசை) (1722), பீத்தோவனின் மூன்று பகுதிகள் கொண்ட ‘மூன்லைட்’ சொனாட்டா (1801), சோபினின் நாக்டர்ன் (இரவின் சாயலில் அமைந்த இசை) ஒன்று, டெபுஸியின் ‘மூழ்கிய தேவாலயம்’ (1910), பார்டோக்கின் ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ (1915) ஆகியவை தயாராக உள்ளன. கால வரிசையே முறை என்கிறார் ஆசிரியர். ஊரறிந்த பீத்தோவனைக் கடைசியில் வைத்தால்தான் கூட்டம் கலையாது என்கிறார் என் மைத்துனர். வருகிறவர்களில் பாதிப்பேர் பியானோவைத் திரைப்பாடல்களில் மட்டுமே கேட்டவர்கள். தங்கள் யோசனை என்ன?

பதில் 1 (ஈரோடு):
ஆசிரியர் சொல்வதே சரி. பாக் அந்தப் பியூகை ஹார்ப்சிகார்டு, கிளாவிகார்டு போன்ற, பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவிகளை மனத்தில் வைத்து எழுதினார். பீத்தோவன் 1801இல் வாசித்த பியானோவில் ஏறத்தாழ ஐந்து ஆக்டேவ்களே (ஸ்தாயிகளே), அதாவது அறுபது கட்டைகள் அளவே இருந்தன, இன்றைய 88 கட்டைகளும் முழு இரும்புச் சட்டமும் பிற்பாடு வந்தவை. வரிசையாகக் கேட்கிறவருக்கு, கருவியே கண்முன் வளர்வது யாரும் விளக்காமலே புலப்படும். பீத்தோவனைக் கடைசிக்குத் தள்ளினால், டெபுஸியின் ஆழ்ந்த மணியோசையைக் கேட்ட காதுக்கு அவர் சிறுத்துத் தெரிவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பதில் 2 (பொள்ளாச்சி):
நானும் அதே கட்சிதான், ஆனால் காரணம் வேறு: கை. மூன்லைட்டின் மூன்றாம் பகுதி முன்கையைக் களைப்பாக்கிவிடும். அதை முடித்த கையோடு சோபினின் மென்மையான மெட்டைத் தொட்டால் விரல் கனத்துத்தான் விழும். ஆகவே பாக், பீத்தோவன், இடைவேளை, பிறகு மற்ற மூவர் என்று பிரியுங்கள். பார்டோக்கின் ஆறு நடனங்களும் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும்; கிராமத்துப் பிடிலிலும் குழலிலும் இருந்து எடுத்த மெட்டுகள் ஆதலால் தங்கள் மைத்துனரையும் உட்கார வைத்துவிடும். இன்னொன்று: மூன்லைட்டின் முதல் பகுதி முழுவதையும் டாம்பர் (தந்தியின் ஒலியை அடக்கும் பட்டை) எழும்பிய நிலையில், அதாவது பெடலை அழுத்தியபடியே வாசிக்கச் சொல்கிறார் பீத்தோவன். அன்றைய தந்தி விரைவில் அடங்கியது. இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் சுரங்கள் குழம்பும். சுரக்கூட்டு மாறும் இடந்தோறும் பெடலை முழுதாக விடாமல், பாதி தளர்த்தி மறுபடி அழுத்தப் பழகட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி அய்யா. இடைவேளையை அப்படியே வைத்துக்கொள்கிறோம். மூன்லைட்டின் முதல் பகுதி முடிந்ததும், சொனாட்டா முடியுமுன்னே கைதட்டிவிட்டால் என்ன செய்வது?

பதில் 2:
அவ்விடத்தில் நிறுத்தாமல் அடுத்ததற்குப் போகுமாறு பீத்தோவனே எழுதியிருக்கிறார். கையைக் கட்டையிலிருந்து எடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் தட்டமாட்டார்கள். தட்டினாலும் குழந்தை முகம் சுளிக்க வேண்டாம்.

பதில் 3 (திருப்பூர்):
வரிசையைப் பேசிய நீங்கள் யாரும் ஆடிக்காற்றைப் பேசவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் பியானோவின் மரத்தாலான ஒலிப்பலகை உப்பி, தந்திகள் இறுகி, குறிப்பாக நடுப்பகுதியில் சுருதி ஏறும். கருவியைச் சில நாள் முன்பே அரங்குக்குக் கொண்டுபோய் வையுங்கள். நிகழ்ச்சியன்று காலையிலிருந்தே ஏசியை ஓடவிட்டு, அதே குளிரில் டியூனரை (சுருதி சேர்ப்பவரை) வேலை செய்யச் சொல்லுங்கள், நிகழ்ச்சி முடியும்வரை அணைக்க வேண்டாம். மின்கட்டணத்துக்காக மாலை ஐந்து மணிக்குத்தான் ஏசி போடுவோம் என்று அரங்கத்தார் சொன்னால், வாடகை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.